செல்லப்பிள்ளை மவுஸ்

ஒரு கம்ப்யூட்டரின் முதுகில் நகமளவு ரிசீவர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியில்லாத கீபோர்டும் மவுஸும் சொல்வதைக் கம்ப்யூட்டரின் காதில் ஓதுவது அதன் வேலை. திடீரென்று அதற்குக் கோளாறு. கீபோர்டு "வணக்கம்" என்றால் "வக்கம்" என்று ஓதியது. மவுஸின் பேச்சு மட்டும் பிசகவில்லை. வீட்டுக்காரி சுகந்தி கீபோர்டைத் திட்டினாள், மவுஸைத் தடவினாள்.

கீபோர்டுக்கு வயிறு எரிந்தது. ரிசீவரிடம் முறையிட்டது: "அண்ணே, நூறு பட்டனோட நான் இருக்க, ரெண்டு பட்டன் பொடியன்தான் உங்களுக்குச் செல்லமா? அவன் பேச்சையும் முழுங்குங்க!"

"சரிப்பா, கோவிச்சுக்காதே" என்று ரிசீவர் அதையும் விழுங்கியது.

திரையில் மவுஸின் அம்பும் அசையவில்லை. "ரெண்டுமே போச்சா? சனியன், இதாலதான்!" என்று ரிசீவரைப் பிடுங்கிய சுகந்தி, மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு மூடினாள்.

இருட்டில் கீபோர்டு முனகியது. "ஏண்ணே, இங்கயும் அவன் பக்கத்துலதான் படுத்திருக்கீங்களா?"