நாலு மணிக்குள் ஒரு சோடி

“உந்தத் தகரப்பேணியளைத் திரும்பப் பெட்டிக்குள்ளை வையும்!”

கீர்த்திகன் போட்ட சத்தத்தில் அவன் மனைவி உதயகலா ஓடிவந்தாள். அவன் தகரப்பேணி என்றது, காலையில் கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு மொனிட்டர் ஸ்பீக்கர்களை. இணுவிலில் தன் வீட்டு அறையொன்றை ஒலிப்பதிவு அறையாக்கியவனுக்கு, பதிந்ததை உள்ளபடி சொல்கிற ஸ்பீக்கர் ஒரு சோடி வேண்டியிருந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர். விலை கூடியது ஒரு சோடி, மலிவானது ஒரு சோடி என இரண்டையும் கொடுத்துவிட்டிருந்தார். “வீட்டிலை போட்டுக் கேளும் தம்பி. நாலு மணிக்குள்ளை ஒண்டைத் திருப்பித் தாரும். வைச்சிருக்கிறதைப் பிறகு மாத்தேலாது” என்பதுதான் பேச்சு.

வருகிற கிழமை கோயில் திருவிழாவில் கீர்த்திகனின் முதல் பாட்டு வெளியாகிறது. பிழையான ஸ்பீக்கரை நம்பி அதைச் சரிசெய்தால், ஊர் முன்னால் மானம் கப்பலேறிவிடும்.

“விலை கூடினதுதான் திறம் எண்டு கடைக்காரர் சொன்னவரெல்லே?” என்றாள் உதயகலா.

“கடைக்காரற்றை காதோ, என்ரை காதோ? பக்கத்து வீட்டு றஜிந்தன்ரை தவிலைப் போன கிழமை நான்தான் பதிஞ்சனான். இதிலை கேட்டால், ஆரோ பேணியிலை தட்டிக் கடலை விக்கிற மாதிரிக் கிடக்கு!”

உதயகலா சிரித்துக்கொண்டே தோய்க்கிற உடுப்புகளைப் பொறுக்கத் தொடங்கினாள். கீர்த்திகன் மலிவுச் சோடியைப் பூட்டினான். லப்டொப்பில் அதே தவிலைத் தட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடினான். இரைந்துகொண்டிருந்த ஃபானும் அடங்கியது. முன்வளவுக் கிணற்றடிக்குப் போகிற போக்கில் சொல்லாமலே நிப்பாட்டிவிட்டாளே என்று மனைவியை மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விழுந்ததே ஓர் அடி! நெஞ்சுக்குள் இடித்தது. தவிலின் வலது முகமான வலந்தலை வேறு, இடது முகமான தொப்பி வேறு என்று துல்லியமாகக் கேட்டது. கீர்த்திகனுக்குத் தலைகால் புரியவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடவே தொடங்கிவிட்டான்.

“உதயா, ஓடிவாரும்! வந்து கேளும்!”

ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றவள் வாயைப் பிளந்தாள். “இஞ்சாருங்கோ, அப்பிடியே றஜிந்தன் பக்கத்திலை இருந்து அடிக்கிற மாதிரியெல்லே கிடக்கு!”

“பாத்தீரோ? காசைக் கொட்டினாப்போலை காணாது. காது வேணும், காது!”

அப்போது மணி மூன்றரை. விலை கூடிய சோடியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு உதயகலா பறந்தாள். கீர்த்திகனோ அந்தத் தவிலை நிப்பாட்டாமல் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டேயிருந்தான். அலுக்கவேயில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, “குடுத்திட்டன்” என்று அவள் போன் எடுத்துச் சொன்னாள். கீர்த்திகன் மலிவுச் சோடிக்குத் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டும் வைத்தான். உலகத்தையே வென்றுவிட்ட சந்தோஷத்தில் அவனுக்குக் கண்கூடக் கலங்கியது.

தவில் ஓய்ந்தது. பின் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. வேர்த்து வழிய, தோளில் தவிலோடு றஜிந்தன் நின்றான்.

“அண்ணை, மூண்டு மணியிலை இருந்து ஊரெல்லாம் கரண்ட் இல்லாததாலை உங்கடை பின்வளவு மாமர நிழலிலை இருந்து அடிச்சுப் பாத்தனான். இடைஞ்சலோ?”