பாதி மீன்

இருட்டிவிட்டால் டோரீனுக்கு வண்டி ஓட்டக் கண் தெரியாது. அதனால் நாலரை மணிக்கே நாங்கள் மூன்று பேரும் ஓட்டலில் ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறோம். டொலீடோவின் நவம்பர் வெயில் மேசைமேல் கோடுகோடாக விழுகிறது. பக்கத்து மேசைகளில் நாற்காலிகள் கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருக்கின்றன. மசித்த உருளைக்கிழங்கு நடுவில் சில்லிட்டிருக்கிறது; மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "செருப்பைப் பொரிச்சுக் கொடுத்திருக்கான்டி" என்கிறாள் டோரீன். "நீ சமைக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்கிறாள் வெர்னா. தேவைக்கு மேலேயே சிரிக்கிறோம். நாளைக் காலை வெர்னாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். அதை அவளிடம் பக்குவமாகச் சொல்லும்படி அவள் மகன் எங்களிடம் கேட்டுக்கொண்டான். அதற்காகத்தான் இந்த விருந்தே. நாங்கள் இரண்டு பேரும் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் உப்புக் குப்பியை உருட்டிக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் டோரீன் வெர்னாவை முடி வெட்ட அழைத்துப்போன நேரத்தில், வெர்னா வீட்டு ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்தவள் நான். பரிமாறுகிற பெண் வெர்னாவின் தட்டைப் பார்த்து, "மிச்சத்தை டப்பால போட்டுத் தரட்டுமாம்மா?" என்கிறாள். "கொடு கண்ணு, நாளை மத்தியானத்துக்கு ஆச்சு." டப்பா வருகிறது. வெர்னா பாதி மீனை வைத்து, மூடியை நான்கு பக்கமும் அழுத்தி அழுத்தி மூடிவிட்டு என்னைப் பார்க்கிறாள். "ஃபிரிட்ஜ்ல எடம் இருக்குமாடி?"

"நெறைய இருக்கு" என்கிறேன்.