மேற்கு வயலின் பெயர்

ஊர்ப்பெயர்களின் வேர் தேடி பவேரியக் கிராமங்களைச் சுற்றும் மார்லீன், வேலியோரம் நின்று கேட்கிறாள்: "இந்த வயலுக்கு உங்க பேச்சுல என்ன பேருங்கய்யா?" வயலின் சொந்தக்காரர் கொர்பினியன் அவளுடைய காலணிகளைப் பார்க்கிறார், துளி சேறில்லை. அடுத்த வாரம் வீட்டுமனையாக விற்கப்போகிற வயல். வாங்குகிறவன் அனுப்பிய ஆளோ? "பேரெல்லாம் கிடையாதும்மா. வெறும் வயல்." மாட்டுக்கொட்டிலிலிருந்து மனைவி கிரெசென்ஸ் வாளியோடு வருகிறாள். "ஏங்க, ரோஸ்மோஸ்னு தானே சொல்றோம்? முன்னாடி குதிரை ஒண்ணு முழுசா சேத்துக்குள்ள போச்சாமே." மார்லீனின் பென்சில் குறிப்பேட்டில் ஓடுகிறது. "ரோஸ்னா குதிரை, மோஸ்னா இந்தப் பக்கம் சதுப்பு நிலம், இல்லையா?" கொர்பினியனின் கை வேலிக் கம்பியை இறுகப் பற்றுகிறது. சாயும் வெயிலில் புல் பச்சைப்பசேலென்று மின்னுகிறது. "எழுதினதை அழிச்சிடுங்கம்மா, அடுத்த வாரம் வீடு கட்ட விக்கிறேன்," என்கிறார் தணிந்த குரலில். அதுவரை குறிப்பேட்டை விட்டுக் கண்ணெடுக்காதவள், இப்போதுதான் நிமிர்ந்து அவரையும் வயலையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.