முதல் ஓட்டத்தில் ஏறுபவர்

குழாய்க்குள் ஓடும் ரயிலின் காற்றழுத்தக் கணக்கில் கையெழுத்திடுபவரின் குடும்பத்தில் ஒருவர் முதல் ஓட்டத்தில் ஏற வேண்டும் என்பது சட்டம். கணக்கைப் போட்ட பொறியாளர் நஸீமாவின் கணவர் ஹாரூன் பையோடு நிலையத்துக்கே போய்விட்டார்.

கணினி பச்சை காட்டியிருந்தது. ஆனால் குழாயின் உட்சுவரை வரைபடத்தில் உள்ளபடி வழவழப்பாகக் கொடுத்திருந்தாள். உண்மைக் குழாயில் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு வெல்டிங் தழும்பு. அவற்றையும் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். பெட்டிக்கு முன்னால் காற்று நெருங்கி இறுகியது. திரை சிவந்தது.

"அமைச்சர் வந்துட்டாரும்மா. பழைய பச்சையையே அனுப்பு," என்றார் மேலாளர் கதிரேசன்.

"அது படத்துல இருக்குற குழாய்க்கு சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப நானே போடுறேன்."

"போடுங்க. உங்க வீட்டுல யாரு ஏறுறாங்க?"

கதிரேசன் பேனாவைத் திறந்தார். ஏறப்போகும் குடும்பத்தவரின் பெயர் எழுதும் கட்டத்தின் மேல் அது நின்றது.

"தழும்பையெல்லாம் தேய்க்க எத்தனை நாளாகும்?" என்று கேட்டார்.