செல்லத்தம்பி தொலைத்த சாமான்

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று பேர் எடுத்த புனித அந்தோனியாரின் துறைமுகத்தடிக் கோவிலுக்குச் செவ்வாய்தோறும் எல்லா மதத்தாரும் வருவார்கள். அவர்களில் ஒருவருக்காவது ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது உபதேசியார் சந்தியாப்பிள்ளையின் நெடுநாள் ஆசை. மூதூர் ஜமால்தீன் காணாமற்போன மாட்டுக்காக வந்தார். மாடு வந்தது, அவர் பிறகு வரவில்லை. இப்போதைய நம்பிக்கை, மூன்று செவ்வாயாகத் தவறாமல் வரும் அன்புவழிபுரத்துச் செல்லத்தம்பி. அவன் கொளுத்தும் மெழுகுதிரி மட்டும் பற்றுவதேயில்லை. கடற்காற்று என்று உபதேசியார் தேற்றிக்கொண்டார்.

“தம்பி, உம்மட இடுப்புச் சாரத்தால வடியிற தண்ணியால தரையெல்லாம் நனைஞ்சு போச்சு. வேலையால நேர வாறீரோ?”

“ஓம் ஐயா, படகு கட்டுற ஜெற்றியடியால வாறன்.”

“அப்பிடி என்னத்தைத் துலைச்சனீர்?”

“ஒரு சாமான், ஐயா. கடலுக்க விழுந்திட்டுது. அது கிடைக்குமட்டும் சோறு தின்னமாட்டனெண்டு என்ர மனிசி வெறும் தேத்தண்ணியோட கிடக்கிறாள்.”

“அந்தோனியார் தேடித் தருவார். கிடைச்சதும் ஞானஸ்நானம் எடுப்பீரோ?”

“கிடைச்சால் பிறகு எனக்கு வர ஏலாது, ஐயா.”

உபதேசியாருக்குச் சுருக்கென்றது.

“நீரும் அந்த மாட்டுக்காரர் மாதிரித்தானோ? அப்பிடி என்ன பெரிய சாமான், தாலிக்கொடியோ?”

“இல்லை ஐயா,” என்றான் செல்லத்தம்பி பணிவாக. “என்ர உடம்பு. அது கரையொதுங்கினால்தான் அவள் அழுவாள். அழுது முடிச்சால்தான் சாப்பிடுவாள்.”