நடுவில் நிற்காத டிஸ்க்

"எது தம்பி ரொம்ப நாள் உழைக்கும்?"

கிழக்குத் தாம்பரம் சர்வீஸ் கடையில், மகளின் கேம் கன்சோலை மார்போடு அணைத்தபடி நின்றார் ஜெபராஜ். அதன் ஹார்ட் டிஸ்க் நேற்று செத்துப்போயிருந்தது.

"இந்தப் புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் நல்லாத் தாங்கும். கையில வேலை நிறைய இருக்கு, அடுத்த வாரம் வாங்க சார்" என்றார் கடைக்காரர் அசார்.

"இன்னைக்கே வேணும். பொண்ணோடது."

அசார் சிரித்தார். "பொண்ணுக்கு இவ்ளோ பயமா? கேம் இல்லாட்டித்தான் புஸ்தகத்தைத் தொடுவா. சிசிடிவியில கழட்டின பழைய டிஸ்க் ஒண்ணு இருக்கு. மூணு மாசத்துல புட்டுக்கும். பேசாம அதைப் போட்டு விட்டுடவா?"

"ஐயோ, வேணாம்! நடுவுல நிக்கவே கூடாது."

மனைவியிடமிருந்து போன் வந்தது. பதறி எடுத்தார். "சரோ, ஜெரூஷா பக்கத்துலயே இரு. பால் வாங்கக்கூடப் போகாத. இதோ வந்துடறேன்."

அசாரின் சிரிப்பு நின்றது. "என்ன சார் ஆச்சு?"

"நீட் ரிசல்ட் வந்ததுல இருந்து அவ யார்கிட்டயும் பேசறதில்ல தம்பி. ரூமுக்குள்ள கேம்ல டுமீல் டுமீல்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். நேத்துல இருந்து அந்தச் சத்தம் இல்ல."

கன்சோலை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"காலையில அவ ரூம் கதவுத் தாழ்ப்பாளைக் கழட்டிட்டுத்தான் வந்தேன்."