தாடை மச்சம்

சீனாவில், டாஃபெனில் எங்கள் சந்து முழுக்க ஓவியக் கடைகள். புகைப்படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் ஆள் வரைந்து அனுப்புகிறோம். எங்கள் கடையில் முகம் என் வேலை, சட்டை என் மனைவி யூன்ஷியாவின் வேலை. படம் மங்கலாக இருந்தால் தெரிந்த முகத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்வேன். இங்கே எல்லோரும் செய்வதுதான், யாரும் வெளியில் சொல்வதில்லை.

போன வாரம் ஒரு பெண், இறந்துபோன அப்பாவின் படத்தை அனுப்பினாள். கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். கண்ணும் தாடையும் வெறும் நிழல். ஹுனானில் இருக்கும் என் அப்பாவின் கண்ணையும் தாடையையும் போட்டேன். கைப்பழக்கத்தில் அவருடைய மச்சமும் விழுந்துவிட்டது.

வரைந்ததைப் போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தேன். இன்று காலை அவளிடமிருந்து செய்தி. "எங்கப்பாவுக்கு மச்சமே கிடையாது. எடுத்துடுங்க."

"மாமாவையே வரைஞ்சு வச்சிருக்கீங்க!" என்று சிரித்தாள் யூன்ஷியா. வண்ணம் காயவில்லை. டர்பன்டைன் தொட்ட துணியால் மச்சத்தைத் துடைத்தேன்.

மதியம் அப்பா வீடியோவில் அழைத்தார். வாசலுக்கு வந்து பேசினேன். அவர் தாடை மழமழவென்று இருந்தது.

"அப்பா, மச்சம் எங்கப்பா?"

"எந்த மச்சம்? எனக்கு எப்படா மச்சம் இருந்துச்சு? நீ சாப்பிட்டியா?"

உள்ளேயிருந்து யூன்ஷியா குரல் கொடுத்தாள். "ஏங்க, கண்ணும் அவங்கப்பா மாதிரி இல்லையாம். துடைச்சிட்டேன், வந்து வரைங்க."

திரையைப் பார்க்காமல் உள்ளே ஓடினேன்.

"டேய், எங்கடா போன?" என்றார் அப்பா. "பட்டப்பகல்ல எப்படிடா இப்படி இருட்டுது?"